பழி தீர்க்கும் கலை பந்தாட வந்த கதை

2001ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஹாங்காங்கில் 'ஷாவோலின் சாக்கர்' என்ற திரைப்படம் வெளியானது. ஸ்டீபன் சௌ இயக்கி, முதன்மைப் பாத்திரத்தில் நடித்த படம் அது. ஷாவோலின் மடத்துப் போர்க்கலையைக் கற்றுவிட்டுப் பெருநகரத்தில் பிழைக்க வழி தெரியாமல் சிதறிக் கிடக்கும் ஆறு பேர், ஒரு கால்பந்து அணியாகத் திரள்கிறார்கள் என்பதே கதை. ஹாங்காங்கில் மட்டும் ஆறு கோடி ஹாங்காங் டாலரை எட்டி, உள்ளூர்ப் படங்கள் அதுவரை கண்டிருந்த வசூலையெல்லாம் அது கடந்தது. அடுத்த ஆண்டு ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் ஆகிய மூன்றும் அதற்கே கிடைத்தன.

நகைச்சுவைப் படங்களைத் தீவிர விவாதத்துக்கு உரியவையாகக் கருதும் வழக்கம் நம்மிடையே குறைவு. தீப்பிழம்பாய்ப் பறக்கும் பந்து, புலியாய் உருமாறும் காற்று, வலையைக் கிழித்துச் சுவரைத் துளைக்கும் உதை என்று கண்டவுடன் 'கணினி வரைகலை வேடிக்கை' என ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் தற்காப்புக் கலையையும் குழு விளையாட்டையும் இணைக்கும் நகைச்சுவை, கணினி வருவதற்கு முன்பே ஹாங்காங்கில் எடுக்கப்பட்டது. இப்படத்துக்குப் பின்னரும் எடுக்கப்பட்டது. இவ்விணைப்பில் மக்களை ஈர்ப்பது எது? அதற்கு விடை தேட, இவ்விரண்டும் சீனப் பண்பாட்டில் எவ்வாறு உறவாடி வந்தன என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

*

சீன வீரகதை மரபின் பெருநூல்களுள் ஒன்று 'ஷுய்ஹு ஷுவான்'. 'நீர்க்கரைக் கதை' என்று தமிழில் பொருள் கூறலாம். அரச அநீதியால் துரத்தப்பட்டுச் சதுப்பு நிலத்தில் தஞ்சம் புகும் 108 வீரர்களின் கதை அது. அதன் தொடக்கத்திலேயே காவ் சியூ என்ற ஊர்சுற்றி அறிமுகமாகிறான். கல்வி இல்லை, ஒழுக்கம் இல்லை. ஆனால் பந்தை உதைப்பதில் தேர்ந்தவன். ஒருநாள் இளவரசரின் முற்றத்தில் தன்னை நோக்கி உருண்டு வந்த பந்தை அவன் லாவகமாக உதைத்துத் திருப்பியனுப்ப, இளவரசர் மயங்கிவிடுகிறார். அவரே பின்னர் ஹுய்சோங் பேரரசர் ஆகிறார். காவ் சியூ படைத்தலைவன் ஆகிறான். வாள்வித்தையில் வல்ல நேர்மையாளர்களைப் பழிவாங்கி விரட்டுகிறவன் அந்தப் பந்தாட்டக்காரன்தான்.

அங்கே உதைக்கப்படுவது 'சூஜூ' எனும் பழைய சீனப் பந்தாட்டம். ஹான் வமிசக் காலத்தில் படைவீரர்களின் உடற்பயிற்சியாக இருந்தது. சோங் வமிசக் காலத்தில் அரண்மனைக்கும் அங்காடித் தெருவுக்கும் உரிய கேளிக்கையாக மாறியது. பின்னர் மெல்ல வழக்கொழிந்தது. போர்ப்பயிற்சியும் பந்தாட்டமும் ஒருகாலத்தில் ஒரே பாசறையில் இருந்தன என்பதும், வீரகதை மரபு அவற்றைப் பிரித்து ஒன்றை அறத்தின் பக்கமும் மற்றதை அரண்மனைச் சலுகையின் பக்கமும் நிறுத்தியது என்பதும் கவனிக்கத்தக்கவை. இருவரும் கால் வித்தகர்களே. ஆயினும் வீரனின் கால் நியாயத்துக்காக எழுகிறது, காவ் சியூவின் கால் தயவுக்காக எழுகிறது. 'ஷாவோலின் சாக்கர்' படத்திலும் கால்பந்து உலகின் அதிகாரத்தில் அமர்ந்திருப்பவன் முன்னாள் ஆட்டக்காரனாகிய ஹங் என்ற வில்லன்தான்.

பிரிந்த இவ்விரண்டையும் மீண்டும் ஒரு கூரையின் கீழ்க் கொண்டுவந்தவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தேசியச் சீர்திருத்தக்காரர்கள். 1910இல் ஷாங்காயில் 'ஜிங்வூ' உடற்பயிற்சிச் சங்கம் தோன்றியது. ஹுவோ யுவான்ஜியா என்ற மல்லரின் பெயரோடு பிணைந்த சங்கம் அது. அதுவரை குருவின் வீட்டு முற்றத்தில், குடும்பத்தாருக்கும் தெரிந்தெடுத்த சீடருக்கும் மட்டுமே சொல்லித்தரப்பட்ட அடிமுறைகளை, கட்டணம் செலுத்தும் நகரத்து எழுத்தர்களுக்கும் மாணவர்களுக்கும், பின்னர்ப் பெண்களுக்கும் அது திறந்துவிட்டது. அதே வளாகத்தில் மேனாட்டுப் பந்து விளையாட்டுகளும் இசையும் இருந்தன. 'ஆசியாவின் நோயாளி' என்ற ஏச்சைத் துடைக்கும் உடலை உருவாக்க வேண்டும் என்பதே நோக்கம். அந்த உடலுக்குக் குங்ஃபூவும் வேண்டும், பந்தும் வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள்.

இதன் உச்சத்தை 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் காணலாம். சீனா அங்கே அனுப்பிய குழுவில் கால்பந்து அணியும் இருந்தது, போர்க்கலையைக் காட்சிக்கு வைக்கும் குழுவும் இருந்தது. கால்பந்து வீரர்களில் பெரும்பாலோர் ஹாங்காங்கில் ஆடியவர்கள். 'பந்து வேந்தர்' எனப் போற்றப்பட்ட லீ வாய்-டாங் அவர்களுள் முதன்மையானவர். பயணச் செலவுக்குப் பணம் போதாமையால் கால்பந்து அணி இரண்டு மாதம் முன்னதாகவே புறப்பட்டுத் தென்கிழக்காசிய நகரங்கள்தோறும் காட்சி ஆட்டங்கள் ஆடி, நுழைவுச்சீட்டுப் பணத்தைச் சேர்த்துக்கொண்டே போனது. களைத்துப்போன கால்களோடு பெர்லினில் பிரிட்டனை எதிர்கொண்டு 0–2 எனத் தோற்றது. போர்க்கலைக் குழுவுக்கோ பெர்லினில் கரவொலி கிடைத்தது. தொன்மையான கலை வியப்போடு பார்க்கப்பட்டது. அதைச் சுமந்து சென்ற குழுவின் செலவுக்குக் கைகொடுத்தது பந்து. இந்த ஏற்பாடு நகைச்சுவைக் கதை ஒன்றின் கருவாகவே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அதை நகைச்சுவையாகச் சொல்வதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் ஆக வேண்டியிருந்தது.

*

அதற்கு முன் குங்ஃபூத் திரைப்படம் தன் தீவிரமான காலத்தைக் கடக்க வேண்டியிருந்தது. 1971இல் 'தி பிக் பாஸ்', 1972இல் 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி' என வந்த புரூஸ் லீயின் படங்கள் உலகெங்கும் ஓடின. இரண்டாவது படத்தின் நாயகன் அதே ஜிங்வூ சங்கத்தின் மாணவன். ஆசிரியர் நஞ்சிட்டுக் கொல்லப்பட்டதற்குப் பழி தீர்க்கிறான். கடைசியில் துப்பாக்கிகளை நோக்கித் தனியே பாய்கிறான். குங்ஃபூப் படத்தின் இலக்கணம் இதில் முழுமையாக இருக்கிறது. குரு கொல்லப்படுகிறார், சீடன் தன்னை வருத்திக் கற்கிறான், பழி தீர்க்கிறான். உறவுகள் மேலிருந்து கீழாகவே ஓடும்: குரு, மூத்த சீடன், இளைய சீடன். எதிரே நிற்பவன் பகைவன். அவன் விழுந்தால் ஒழியக் கதை முடியாது. நாயகன் வென்றாலும் தனியன், வீழ்ந்தாலும் தனியன்.

1973 ஜூலை 20 அன்று புரூஸ் லீ மறைந்தார். அவரைப் போலவே முகம் இறுக்கிக் கத்தும் நகல்கள் பெருகி, அலுப்புத் தட்டத் தொடங்கிய வேளையில் குங்ஃபூ நகைச்சுவை பிறந்தது. 1975இல் லாவ் கார்-லியுங் இயக்கிய 'தி ஸ்பிரிச்சுவல் பாக்ஸர்' அதற்கு முன்னோடி; 1978இல் யுவென் வூ-பிங் இயக்கி ஜாக்கி சான் நடித்த 'ட்ரங்கன் மாஸ்டர்' அதை நிலைநாட்டியது. நாயகன் இப்போது அடிவாங்குகிறான், அழுகிறான், வலித்த கையை உதறுகிறான், ஓடி ஒளிகிறான்.

இந்த நகைச்சுவையின் உடல், பீக்கிங் இசைநாடகப் பள்ளியில் உருவானது. யூ ஜிம்-யுவென் நடத்திய பள்ளியில் ஜாக்கி சான், சம்மோ ஹங், யுவென் பியாவ் மூவரும் சிறுவர்களாகச் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு, ஒரே கூடத்தில் உண்டு உறங்கிப் பயின்றவர்கள். அங்கே கற்றுத்தரப்பட்டது குழுவாகப் பாய்வதும், குழுவாக விழுவதும். ஒருவன் தாளம் தவறினால் அடுத்தவன் கழுத்து முறியும். தனிவீரனின் கலையாகத் திரையில் தோன்றிய ஒன்றுக்கு அடியில், அரங்கக் குழுவின் கூட்டுப் பயிற்சி கிடந்தது. ஆகவே அவர்கள் தம் விருப்பப்படி படம் எடுக்கும் நிலைக்கு உயர்ந்ததும் விளையாட்டுக் களத்துக்குப் போனதில் வியப்பில்லை.

1982இல் ஜாக்கி சான் இயக்கிய 'டிராகன் லார்ட்' படத்தின் தொடக்கத்தில் அணி அணியாக இளைஞர்கள் ஒரு கோபுரத்தின் மேல் ஏறி, உச்சியிலுள்ள பொன்முட்டைக்காக ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரள்கிறார்கள். சியுங் சாவ் தீவின் திருவிழாவில் ரொட்டிகளால் மூடிய கோபுரத்தில் ஏறும் போட்டியை ஹாங்காங் பார்வையாளர்கள் நினைத்திருப்பார்கள். அப்போட்டி 1978இல் கோபுரம் சரிந்து பலர் காயமுற்றதால் நிறுத்தப்பட்டு, 2005இல்தான் மீண்டும் நடந்தது. அதே படத்தில், இறகுப்பந்தைக் காலால் உதைத்து ஆடும் அணிப் போட்டி ஒன்றும் நீண்ட காட்சியாக வருகிறது. எவரும் எவரையும் கொல்லவில்லை. ஆனால் சண்டைப் படத்தின் பயிற்சியனைத்தும் அந்த இறகுப்பந்தின் பின்னே ஓடுகிறது.

அடுத்த ஆண்டு, 1983இல், யுவென் பியாவ் நடித்த 'தி சாம்பியன்ஸ்' முழுக்கவே கால்பந்துப் படமாக வந்தது. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வரும் இளைஞன் கால்பந்து அணியில் சேர்ந்து உயர்கிற கதை. தலைக்குமேல் கால்களைச் சுழற்றிப் பின்னோக்கி உதைக்கும் உதைகளை அவர் கம்பிகளின் துணை பெரிதும் இன்றி நிகழ்த்துவதைப் பார்க்கலாம். 'ஷாவோலின் சாக்கர்' வருவதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கலப்பு முயன்று பார்க்கப்பட்டுவிட்டது.

கால்பந்து அந்த நகரத்துக்கு வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 1985 மே 19 அன்று பெய்ஜிங்கில் நடந்த உலகக்கோப்பைத் தகுதி ஆட்டத்தில் ஹாங்காங் அணி சீன அணியை 2–1 என வென்றது. ஆட்டம் முடிந்ததும் அரங்கின் வெளியே கலவரம் மூண்டது. பிரிட்டன் ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைக்கும் உடன்பாட்டில் கையெழுத்திட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. பதினொருவர் கொண்ட ஓர் அணியில்தான் அந்நகரம் தன்னைத் தனியாகக் கண்டுகொள்ள முடிந்தது.

*

ஸ்டீபன் சௌ இந்த இரு மரபுகளுக்கும் பின்னால் வந்தவர். சிறுவர்களுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சியை நடத்தி அறிமுகமாகி, 1990இல் 'ஆல் ஃபார் தி வின்னர்' படத்தின் வழியே உச்ச நட்சத்திரமானார். அவருடைய நகைச்சுவையைக் காண்டனியர்கள் 'மோ லெய் தாவ்' என்பார்கள். தலையும் வாலும் பொருந்தாத பேச்சு, எதிர்பாராத இடத்தில் எதிர்பாராத செயல் என்று விளக்கலாம். அவர் நாடகப் பள்ளியில் வளர்ந்தவர் அல்லர். புரூஸ் லீயைத் திரையில் பார்த்து வளர்ந்தவர். ஆகவே அவருக்குக் குங்ஃபூ ஒரு தொழிற்பயிற்சியாக இல்லாமல், இளமையில் கண்ட கனவாகவே எஞ்சியது. அவருடைய படத்தின் கோல்காப்பாளன் புரூஸ் லீயின் முகச்சாயலோடும் மஞ்சள் உடையோடும் நிற்பது அந்தக் கனவுக்கான வணக்கம்.

படம் எடுக்கப்பட்ட காலம் கனவுகளுக்கு உகந்ததாக இல்லை. 1997இல் ஹாங்காங் சீனாவின் ஆளுகைக்குத் திரும்பியது. அதே ஆண்டில் ஆசிய நிதி நெருக்கடி தொடங்கியது. வீட்டு விலை சரிந்தது, ஆள்குறைப்பு தொடர்ந்தது. 2003இல் வேலையின்மை எட்டு விழுக்காட்டைத் தாண்டியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செழித்திருந்த திரைத்தொழிலும் சுருங்கிக்கொண்டிருந்தது.

இப்பின்னணியில் ஷாவோலின் சகோதரர்களைப் பாருங்கள். நாயகன் சிங் கந்தலான காலணியோடு குப்பை பொறுக்கிப் பிழைப்பவன். ஒருவர் இரவு விடுதியில் எடுபிடி. ஒருவர் பாத்திரம் கழுவுகிறார். ஒருவர் கோட்டும் சூட்டுமாகக் கைப்பேசியை விட்டு அகலாமல் பணத்தைத் துரத்துகிறார். ஒருவருக்கு வேலை போய்விட்டது. ஒருவர் பேரங்காடியில் பொருள் அடுக்குகிறார். கற்றது உடலை இறகாக்கும் வித்தை, வாய்த்தது பருத்த உடல். இவர்களைத் திரட்டும் பயிற்சியாளர் ஃபங், ஒருகாலத்தில் 'பொற்கால்' எனப் புகழப்பட்டவர். பணம் வாங்கி ஆட்டத்தைக் கோட்டைவிட்டு, அதன் விளைவாகக் கால் உடைக்கப்பட்டு, இருபது ஆண்டுகளாக நொண்டுபவர். அவராக நடித்த இங் மான்-டாட் 2021இல் மறைந்தார். சௌவோடு பல படங்களில் இணைந்த அவருடைய முகத்தில் இழிவும் இரக்கமும் ஒருசேர நிற்கும்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை வகுப்பில் சொல்லித்தருபவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று நினைவுக்கு வராமல் போகாது. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கிலும் இளிவரல் தோன்றும் என்கிறது அந்நூல்; மென்மை என்பதற்கு வறுமை என உரைகாரர் பொருள் கொள்வர். படத்தின் முதற்பகுதி இந்த நான்காலும் ஆனது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகியன நகைக்கு நிலைக்களன். கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகியன பெருமிதத்துக்கு. இளிவரலிலிருந்து நேரே பெருமிதத்துக்குத் தாவும் கதை பொய்யாகத் தெரியும். பழம்பெருமை பேசும் மேடைகளில் நாம் காணும் பொய் அது. சௌ இடையில் நகையை வைக்கிறார். அந்த மனிதர்களின் கல்வியை முதலில் எள்ளவிட்டு, எள்ளி முடித்த பின்னரே அதை நம்பச் செய்கிறார்.

அவர்களின் முதல் ஆட்டக் காட்சி இதற்குச் சான்று. எதிரணி அடியாட்கள் நிறைந்தது. சுத்தியலையே காற்சட்டைக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். சகோதரர்கள் குருதி வழிய அடிபடுகிறார்கள். மூத்தவர் சரணடைய முன்வர, எதிரி தன் உள்ளாடையைக் கழற்றி அவர் தலையில் மாட்டச் சொல்கிறான். அவரும் மாட்டிக்கொள்கிறார். அதைவிடக் கீழே இறங்க இடமில்லை. அங்கேதான் காற்று எழுகிறது. மறந்துபோன நிலைகளில் ஒவ்வொருவரும் தாமாக நிற்கத் தொடங்குகிறார்கள். அரங்கு சிரித்துக்கொண்டே இருக்கிறது, ஆனால் சிரிப்பின் திசை மாறிவிடுகிறது. ஒரு நிமிடம் முன்பு அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறார்கள்.

*

இந்தத் திருப்பத்தைச் சாதாரண மற்போர்க் காட்சியால் நிகழ்த்த முடியாதா? முடியாது என்றே எண்ணுகிறோம். குழு விளையாட்டு இக்கதைக்குச் சில வசதிகளைத் தருகிறது.

முதலாவது, பகைவன் எதிரணியாகிறான். எல்லைக்கோடு உண்டு, நடுவர் உண்டு, தொண்ணூறு நிமிடம் உண்டு. வெல்வதற்கு எவரும் சாக வேண்டியதில்லை. பழி தீர்த்தலை மையமாகக் கொண்ட கலை, பழியில்லாத ஒரு களத்தில் தன்னைச் சோதித்துக்கொள்ள இடம் கிடைக்கிறது. இப்படத்தில் குரு கொல்லப்படவில்லை, இயல்பாக மறைந்துவிட்டார். சீடர்கள் பழிவாங்குவதற்கு எவரும் இல்லை. அவர் விட்டுச்சென்ற கல்விக்கு வேலை தேடுவதே அவர்களின் கடமையாக எஞ்சியிருக்கிறது.

இரண்டாவது, அரைகுறைத் திறன்களுக்கும் இடம் உண்டு. குங்ஃபூப் படத்தின் நாயகன் எல்லாம் கற்றவனாக இருந்தாக வேண்டும். அணியில் அப்படியில்லை. ஒருவருக்குத் தலை மட்டுமே வலிது, ஒருவருக்கு மார்பு மட்டும், ஒருவருக்குக் கை மட்டும், ஒருவருக்குக் கால் மட்டும். தனித்தனியே நின்றால் கேலிக்குரிய இந்த உறுப்புகள் களத்தில் ஓருடல் ஆகின்றன. வயிற்றுப்பாட்டுக்காகச் சிதறிப்போன குடும்பம் ஒன்றுசேரும் மகிழ்ச்சிதான் இது. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடிக்கொண்டிருந்த ஊரில் அதற்குத் தனியான அழுத்தம் இருந்திருக்கும்.

மூன்றாவது, சாட்சிகள். குங்ஃபூ வீரன் மலையிலும் கோயில் முற்றத்திலும் யாரும் காணாமல் கற்கிறான். கால்பந்து பல்லாயிரம் பேர் முன்னிலையில் ஆடப்படுகிறது. பயனற்றது என்று ஒதுக்கப்பட்ட ஒரு கல்வியைப் பலரறிய மெய்ப்பிப்பதற்கு விளையாட்டரங்கைவிடப் பொருத்தமான மேடை இன்றைய உலகில் இல்லை.

ஷாவோலின் என்றதும் தமிழ் வாசகர்களுக்குப் போதிதருமர் நினைவு வரும். அவர் காஞ்சிப் பல்லவ இளவரசர் என்றும், சீனருக்குப் போர்க்கலையைக் கற்பித்தவர் என்றும் நம்மிடையே பெருமையோடு சொல்லப்படுகிறது. அவரைப் பற்றிய பழஞ்சீனக் குறிப்புகளிலேயே ஒன்று பாரசீகர் என்கிறது, மற்றொன்று தென்னிந்திய அரசர் ஒருவரின் மைந்தர் என்கிறது. அவரைப் போர்க்கலையோடு இணைக்கும் நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, 621இல், ஷாவோலின் துறவியர் பின்னாளில் தாங் பேரரசரான லீ ஷிமினுக்குப் போரில் உதவியதைக் கல்வெட்டு சொல்கிறது. நாம் பெரும்பாலும் 'இது யாருடையது' என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறோம். சௌவின் படம் தொன்மையைப் பற்றி வாதாடுவதே இல்லை. 'இதை வைத்துக்கொண்டு இன்று என்ன செய்யலாம்' என்பது ஒன்றே சிங்கின் கவலை. பழைய இலக்கியத்தைக் கற்பிப்பவர்களும் கற்பவர்களும் வேலைவாய்ப்புக் காலத்தில் நாள்தோறும் எதிர்கொள்ளும் கேள்வி இதுதான். ஆதலால் அந்தக் குப்பை பொறுக்குபவனின் பிடிவாதத்தை நம்மால் வெறும் கோமாளித்தனமாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

*

இப்படத்தின் மீது சொல்லத்தக்க குறைகள் இல்லாமலில்லை. யுவென் பியாவும் ஜாக்கி சானும் தம் எலும்பைப் பணயம் வைத்துச் செய்ததை இங்கே கணினி செய்கிறது. ஒழுக்கமான உடற்பயிற்சியின் மேன்மையைப் பேசும் படம், அப்பயிற்சி இல்லாத நடிகர்களைக் கொண்டே அதைப் பேசுகிறது. ஆனால் இதைக் குறையென்று மட்டும் தள்ளிவிட முடியவில்லை. நாடகப் பள்ளிகள் மூடப்பட்டு, அத்தகைய உடல்களை உருவாக்கும் வழி அற்றுப்போன பிறகு, நினைவில் மட்டும் வாழும் ஒரு கலையை வேறெப்படிக் காட்டுவது? அதன் மிகைத்தோற்றம் ஒரு குழந்தை தான் பார்த்த சண்டையை விவரிக்கும்போது வரும் மிகைதான்.

இன்னொரு குறை, ஆட்டங்களைக் கூர்ந்து பார்த்தால் பந்தைப் பகிர்வது குறைவு; பெரும்பாலும் சிங்கின் கால்தான் முடித்துவைக்கிறது. இறுதி ஆட்டம் இதைச் சரிசெய்கிறது எனலாம். மருந்தேற்றிய எதிரணியின் உதைகளால் ஒவ்வொரு கோல்காப்பாளனாக வீழ்ந்த பின், மாண்டோ எனும் ஆவியில் வேகும் ரொட்டி சுடும் பெண் மூய், தலையை மழித்துக்கொண்டு காவலுக்கு வருகிறாள். அவள் கற்றது தைச்சி. எதிர்த்து நிற்காமல் வாங்கி, சுழற்றி, விசையைத் தணிக்கும் முறை. மாவு பிசைந்த அதே கைகளால் அவள் அந்தப் பந்தைத் தணித்துச் சிங்கிடம் தருகிறாள். தனியொருவனின் வலிமை தோற்ற இடத்தில், வாங்கித் தருபவளால் ஆட்டம் வெல்லப்படுகிறது. பெருமிதத்தின் நான்காவது நிலைக்களன் கொடை என்பதை மறுபடி நினைத்துக்கொள்ளலாம். பருக்கள் நிறைந்த முகத்தோடு அவளை அறிமுகப்படுத்தி அதை நகைப்புக்கு உள்ளாக்கியது மட்டும் இன்று பார்க்கும்போதும் உறுத்துகிறது.

இவ்வெற்றியைப் பின்பற்றி 2008இல் இரண்டு படங்கள் வந்தன. தைவான் பாடகர் ஜே சௌ நடித்த 'குங்ஃபூ டங்க்' கூடைப்பந்தை எடுத்துக்கொண்டது. ஜப்பானில் எடுக்கப்பட்டு, தயாரிப்பில் ஸ்டீபன் சௌவின் பெயரும் இடம்பெற்ற 'ஷாவோலின் கேர்ள்' லக்ராஸ் ஆட்டத்தை எடுத்துக்கொண்டது. இரண்டிலும் பாய்ச்சல்கள் உண்டு, வரைகலை உண்டு, பந்தும் உண்டு. ஆயினும் அவை முன்னதன் இடத்தை எட்டவில்லை. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அவற்றின் நாயகர்கள் தொடக்கத்திலிருந்தே அழகானவர்கள், திறமை மிக்கவர்கள். அவர்களுக்கு இழக்கவோ மீட்கவோ பெரிதாக ஒன்றுமில்லை. இளிவரல் இல்லாத இடத்தில் நகை வெறும் குறும்பாகவும் பெருமிதம் வெறும் சாகசமாகவும் நின்றுவிடுகின்றன.

மெய்யான கால்பந்துக் களம் இவ்வளவு இரக்கமுள்ளதாக இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். படம் வெளியான மூன்று மாதங்களில், 2001 அக்டோபர் 7 அன்று, சீன அணி ஓமானை வென்று முதன்முறையாக உலகக்கோப்பைக்குத் தகுதி பெற்றது. 2002இல் கோஸ்டாரிகா, பிரேசில், துருக்கி ஆகிய மூன்று அணிகளிடமும் தோற்று, ஒன்பது கோல் வாங்கி, ஒன்றுகூட அடிக்காமல் ஊர் திரும்பியது. 2026 போட்டிக்கான தகுதிச் சுற்றுகள் வரை அது மீண்டும் தகுதி பெறவில்லை. ஷாவோலின் மடத்தின் கதையும் வேறு வழியில் போனது. தன் பெயரை உலகச் சந்தையில் பெருவணிகமாக்கிய அதன் தலைமைத் துறவி, 2025இல் விசாரணைக்கு உள்ளாகித் துறவு நிலையிலிருந்து நீக்கப்பட்டார். 'குங்ஃபூவை உலகமெங்கும் பரப்ப வேண்டும்' என்ற சிங்கின் ஆசையைச் சந்தை நிறைவேற்றும்போது அது எப்படியெல்லாம் ஆகக்கூடும் என்பதற்கு இது போதும்.

படத்தின் முடிவில் சௌ காட்டும் ஆசை இவை இரண்டையும்விட எளியது. படத் தொடக்கத்தில் சிங், வாழைப்பழத் தோலில் வழுக்கி விழும் பெண் குங்ஃபூ கற்றிருந்தால் விழமாட்டாளே என்று ஃபங்கிடம் வாதாடுவான். அவர் அவனைப் பைத்தியமாகப் பார்ப்பார். கோப்பை வென்ற பின் வரும் கடைசிக் காட்சியில், தெருவில் ஒரு பெண் தோலில் காலை வைத்து வழுக்கி, காற்றில் சுழன்று, நின்று, தன் வழியே போகிறாள். ஒருவர் புறப்பட்டுவிட்ட பேருந்தைத் தாவிப் பிடிக்கிறார். இன்னொரு பெண் நெரிசலான இடத்தில் காரைக் கையால் தள்ளி நிறுத்துகிறாள். அவர்களில் எவரையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.